மேலூர் முதல் கானாடுகாத்தான் வரை: தரைகளைத் தேடி ஒரு பயணம்

வீட்டுத் தரைக்கு எந்தப் பொருள் நல்லது என்ற கேள்விக்குக் கடைகளில் கிடைக்கும் விடை பெரும்பாலும் சதுர அடி விலையில் தொடங்கிப் பளபளப்பில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு தரையின் குணம் அது போடப்பட்ட நாளில் தெரிவதில்லை. தண்ணீரும் எண்ணெயும் சிந்தி, கட்டிலும் பீரோவும் இழுபட்டு, இரண்டு மூன்று தலைமுறையினர் நடந்து பழகிய பிறகே அது வெளிப்படுகிறது. அவ்வாறு முதிர்ந்த தரைகளையும், நேற்றுப் போடப்பட்ட தரைகளையும், அவற்றுக்கான கல் வெட்டப்பட்ட குன்றுகளையும் அருகருகே காட்டும் வழித்தடம் தமிழ்நாட்டிலேயே உண்டு. மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடிக்குச் செல்லும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் சாலையும், அங்கிருந்து செட்டிநாட்டு ஊர்களுக்குப் பிரியும் கிளைச் சாலைகளும் சேர்ந்ததே அத்தடம்.

மேலூரை நெருங்கும்போதே நிலத்தின் தன்மை மாறுகிறது. வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள் எழுகின்றன. அவற்றுள் சில முழுமையாக நிற்கின்றன, சில படிப்படியாக வெட்டப்பட்டு நீர் தேங்கிய பெரும்பள்ளங்களாகிவிட்டன. உலகச் சந்தையில் ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் விற்கப்படும், வெண்சாம்பல் பரப்பில் செம்புள்ளிகள் சிதறிய கிரானைட் இப்பகுதியில் வெட்டப்பட்டதேயாகும். அச்செம்புள்ளிகள் கார்னெட் என்னும் கனிமத்தின் மணிகள். கிரானைட் என்பது பூமியின் ஆழத்தில் பாறைக் குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்து, குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் கண்ணுக்குத் தெரியும் பருமனில் படிகமாகி உருவான கருங்கல் வகை; கல் வணிகமோ, நிலவியல் வேறு பெயரிட்டழைக்கும் பல கடினமான பாறைகளையும் இதே பெயரில் விற்கிறது. கடினத்தன்மையை ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில் கிரானைட் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் நிற்கிறது. வாசலிலிருந்து காலோடு வீட்டுக்குள் வரும் மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்பதையும், அதன் கடினம் ஏழு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும்: அந்த மணலுக்குக் கிட்டத்தட்ட ஈடுகொடுக்கும் கல்லில் கீறல் அரிதாகவே விழுகிறது, அதைவிட மென்மையான ஒவ்வொரு தரையும் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்கிறது.

மேலூரிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் உள்ள கீழவளவில், பஞ்சபாண்டவர் படுக்கை என்று மக்கள் அழைக்கும் குன்றுத்தளத்தில், சமணத் துறவியருக்காகப் பாறையிலேயே செதுக்கிச் சமன்படுத்திய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. இரண்டாயிரம் ஆண்டு கடந்த பின்பும் அப்படுக்கைகளின் சமதளம் குலையவில்லை என்பதே கருங்கல்லின் உழைப்புக்குப் போதிய சான்று. ஆயினும் அந்த உழைப்புக்கு ஒரு விலை உண்டு. 2012ஆம் ஆண்டு மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அளித்த அறிக்கை, இவ்வட்டாரத்தில் நடந்த முறைகேடான கல் வெட்டலை வெளிக்கொணர்ந்தது. பின்னர் 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரையே விசாரணைக்கான சட்ட ஆணையராக நியமித்தது. கல்லை அறுக்கும்போதும் மெருகேற்றும்போதும் பறக்கும் குவார்ட்ஸ் தூள், தொழிலாளரின் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்கக்கூடியது. வீட்டுக்குள் அசையாமல் கிடக்கும் ஒரு பலகைக் கல்லின் பின்னால் ஒரு குன்றும் சில உயிர்களும் இருக்கின்றன என்பதைப் பொருள்களை ஒப்பிடுவோர் கணக்கில் சேர்ப்பது நேர்மையாகும்.

வீட்டுக்குள் கிரானைட்டின் குறைகள் வேறு வகையானவை. கண்ணாடிபோல் மெருகேற்றிய கிரானைட் ஈரம் பட்டால் வழுக்கும். ஆகவே வாசற்படிக்கும் முற்றத்துக்கும் நெருப்புச் சுடரால் மேற்பரப்பைப் பொரியச் செய்து சொரசொரப்பாக்கிய கல்லே பொருத்தம். எடை அதிகம் என்பதால் மாடித் தளங்களில் கட்டடத்தின் தாங்குதிறனைக் கேட்டறிந்த பிறகே இடவேண்டும். வெளிர்நிறக் கற்கள் நுண்துளைகள் வழியே எண்ணெயை உறிஞ்சிக் கருமை தட்டும் என்பதால், துளைகளை அடைக்கும் சீலர் பூச்சு அவற்றுக்குத் தேவைப்படுகிறது. இவ்வளவையும் மீறி, அடுப்பு மேடைக்கும் படிக்கட்டுக்கும் கிரானைட்டை இன்றுவரை எளிதில் வெல்லும் பொருள் இல்லை.

சாலையோரக் கல் கிட்டங்கிகளில் கிரானைட் பலகைகளுக்குப் பக்கத்தில், அவற்றைவிடக் குறைந்த விலையில், சாய்த்து அடுக்கப்பட்டிருக்கும் கருநிறக் கற்கள் கடப்பா கற்கள். ஆந்திரத்தின் கடப்பை வட்டாரத்திலிருந்து வருவதால் இப்பெயர் பெற்ற இக்கல், கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு இறுகி உருவான சுண்ணாம்புப் பாறை. அடுக்கடுக்காகப் பிளவுபடும் இயல்புடையதால் அதைப் பலகையாக எடுப்பது எளிது. கர்நாடகத்தின் ஷாகாபாத் கல்லும், தெலங்கானாவின் தாண்டூர் கல்லும், ராஜஸ்தானின் கோட்டா கல்லும் இதே இனத்தைச் சேர்ந்தவை. தமிழகத்தின் நடுத்தர வீடுகளில் அலமாரித் தட்டாகவும், கிணற்றடித் தளமாகவும், சமையலறை மேடையாகவும் ஒரு தலைமுறைக் காலம் கோலோச்சிய கடப்பா கல், புளித்த பொருள்களுக்கு மட்டும் ஈடுகொடுப்பதில்லை. சுண்ணாம்புப் பாறையின் மூலப்பொருளான கால்சியம் கார்பனேட் அமிலம் பட்டால் கரையும். எலுமிச்சைச் சாறு சிந்திய இடத்தில் மெருகு போய் வெளுத்த வட்டம் நிலைத்துவிடுவதற்கும், கழிப்பறை ஆசிட் தெறித்த இடம் பொரிந்துபோவதற்கும் இதுவே காரணம்.

திருப்பத்தூரைத் தாண்டியதும் செம்மண்ணும் பொட்டலும் விரிந்த செட்டிநாடு தொடங்குகிறது. பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரையிலான காலத்தில் எழுப்பிய பெருவீடுகள் இங்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவியுள்ளன. 1942இல் பர்மாவை ஜப்பான் கைப்பற்றியபோது அவ்வணிகம் குலைந்தது. கட்டுமான வேகமும் அத்தோடு தளர்ந்தது. செட்டிநாட்டு வணிகர்களின் ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தரையைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இவ்வீடுகளின் அருமை அவற்றின் பரப்பில் இல்லை. ஒரே வீட்டுக்குள் நான்கைந்து வகைத் தரைகள் நூறாண்டு காலம் ஒரே குடும்பத்தின் புழக்கத்தில் இருந்து வந்துள்ளன என்பதில்தான் உள்ளது.

செட்டிநாட்டு வீடு தெருவிலிருந்து பின்தெரு வரை நேர்கோட்டில் நீள்கிறது. விருந்தினரை வரவேற்கும் முகப்பு, அதையடுத்துத் திறந்த முற்றத்தைச் சுற்றித் தூண்களும் அறைகளும் அமைந்த வளவு, பந்தி பரிமாறும் இரண்டாங்கட்டு, அடுப்படியும் பெண்களின் புழக்க இடமும் கொண்ட மூன்றாங்கட்டு என்பன அதன் பகுதிகள். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்படும் வீடுகளில் இவ்வரிசையில் நடந்து சென்றால், முகப்பில் இத்தாலியப் பளிங்கும், வளவைச் சுற்றிய தாழ்வாரங்களில் பூவேலை செய்த சிமெண்ட் கற்களும், மழைநீர் விழும் முற்றத்தில் கருங்கல்லும், பின்கட்டுகளில் சிவப்புச் சிமெண்டும் கல்தளமுமாகத் தரை மாறிக்கொண்டே செல்வதைப் பல இடங்களில் காணலாம். செல்வத்தைக் காட்டும் ஆசை முன்பகுதியில் இருந்தது உண்மையே; ஆயினும் நீர், எண்ணெய், அமிலம், வெயில், நடமாட்டம் ஆகிய ஐந்தும் எந்தெந்த இடத்தில் எவ்வளவு என்று கணித்து இடப்பட்ட ஒழுங்கும் அவ்வரிசையில் தெளிவாகத் தெரிகிறது.

முகப்பின் பளிங்கு, சுண்ணாம்புப் பாறை பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் படிகமான கல். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் மூன்றே. ஆகவே நடமாட்டம் மிகுந்த வழியில் மெருகு மங்கி, சுவரோரத்தில் மட்டும் பழைய பளபளப்பு தங்கியிருப்பதைக் குனிந்து பார்த்தால் கண்டுகொள்ளலாம். மஞ்சளும் புளியும் அதன் பகைவர்கள். ஆனால் முகப்பில் யாரும் சமைப்பதில்லை. செருப்போடு யாரும் நுழைவதுமில்லை. எனவே அமிலமும் மணலும் எட்டாத இடத்தில் மென்மையான கல் நூறாண்டு நிலைத்தது. கானாடுகாத்தானில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனையிலும் இப்பளிங்கின் செல்வாக்கைக் காணலாம். இன்று ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வரும் வெண்பளிங்கை அடுக்ககங்களின் கூடத்திலும் சாப்பாட்டு அறையிலும் சமையலறையிலும் ஒருசேர இடுவோர், சில ஆண்டுகளுக்கொரு முறை மெஷின் பாலிஷ் போடும் செலவையும் சேர்த்தே அதை வாங்குகின்றனர்.

பின்கட்டுகளின் சிவப்புத் தரை வேறொரு தொழில்நுட்பத்தைச் சேர்ந்தது. இரும்பு ஆக்சைடு என்னும் காவிப் பொடியைச் சிமெண்டோடு கலந்து, கீழே இட்ட கான்கிரீட் முழுதும் காய்வதற்குள் மெல்லிய படலமாகப் பரப்பி, கரணையால் திரும்பத் திரும்ப அழுத்தித் தேய்த்து, பல நாள் தண்ணீர் கட்டி நிறுத்தி இறுகவைக்கும் முறை அது. இணைப்புக் கோடே இல்லாத பரப்பு, நாள்பட நாள்பட மிகும் வழவழப்பு, வெயில் காலத்தில் உடலைக் கிடத்தத் தூண்டும் குளுமை, குறைந்த பொருட்செலவு என இதன் நிறைகள் பல. ஓர் அறையின் தரையை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடிக்கவேண்டும் என்பதும், கை தேர்ந்த கொத்தனார் இல்லாவிடில் திட்டுத்திட்டாக நிறம் மாறும் என்பதும், அடித்தளம் சற்று இறங்கினாலும் குறுக்கே விரிசல் ஓடும் என்பதும் குறைகள். விரிசலை அடைக்கலாம்; அடைத்த தடத்தை மறைக்க இயலாது. தமிழகத்திலும் கேரளத்திலும் பரவலாக இருந்த இத்தரை மறைந்துவந்ததற்குப் பொருளின் குறைபாடு முதற்காரணமன்று. கரணை பிடிக்கும் அத்திறன் அடுத்த தலைமுறைக்குப் பெருமளவு கைமாறாமல் போனதே காரணம்.

காரைக்குடியிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஆத்தங்குடியில் அதையொத்த ஒரு கைத்திறன் இன்னும் உயிரோடிருக்கிறது. ஊருக்குள் நுழைந்ததும், தெருவோரக் கொட்டகைகளில் நிழலில் அமர்ந்து கல் வார்ப்போரைக் காணலாம். சதுரமான கண்ணாடித் தட்டு ஒன்றைத் துடைத்து வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, பூவின் இதழ்களும் கொடிகளும் தனித்தனி அறைகளாகப் பிரிந்த உலோக அச்சை அதனுள் இறக்குகின்றனர். சிமெண்டும் நிறப்பொடியும் கரைத்த கூழைச் சிறு கரண்டியால் அள்ளி, சிவப்பு ஓர் அறையிலும் மஞ்சள் ஓர் அறையிலும் பச்சை மற்றொன்றிலும் என ஊற்றி நிரப்பிய பின், அச்சை நேராக மேலே தூக்கிவிட, நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் கண்ணாடியின்மீது நின்றுவிடுகின்றன. கை சற்று நடுங்கினால் இதழின் விளிம்பு கலங்கிவிடும். அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்கலவையைத் தூவ, அது கூழின் மிகை ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் ஈரக் கலவையை இட்டுக் கரணையால் அழுத்திச் சமன்செய்து, சட்டத்தை அகற்றி, இறுகியதும் நீர்த் தொட்டியில் அமிழ்த்திச் சில நாள் ஊறவைத்து உலர்த்துகின்றனர். கல் கண்ணாடியிலிருந்து விடுபடும்போது, கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் பதிந்திருக்கிறது. சூளையும் இல்லை, மின்சாரமும் இல்லை, மெருகேற்றும் பொறியும் இல்லை.

நிறச் சிமெண்டைக் கொண்டு கல் வார்க்கும் கலை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வளர்ந்தது. பார்சிலோனா நிறுவனம் ஒன்று அத்தகைய கற்களை 1867ஆம் ஆண்டின் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் வைத்தபின் அது பல நாடுகளுக்கும் பரவியது. இந்தியாவில் சுதேசி உணர்வோடு அத்தொழில் 1922இல் மும்பையில் வேரூன்றியது. அங்கெல்லாம் கலவையை இறுக்குவது நீரழுத்தப் பொறி. ஆத்தங்குடியிலோ பொறியின் வேலையைக் கையும், மெருகின் வேலையைக் கண்ணாடியும் செய்கின்றன. இவ்வேறுபாட்டின் விளைவுகள் தரையில் தெரியும். நிறப்படலம் சில மில்லிமீட்டர் கனமுடையதாதலால் தேய்ந்தாலும் பூ அழிவதில்லை; நடக்க நடக்கவும் துடைக்கத் துடைக்கவும் பொலிவு கூடுகிறது. மறுபுறம், சுடாத சிமெண்ட் என்பதால் நுண்துளைகள் உண்டு. எண்ணெய்க் கறை உள்ளிறங்கும். ஆசிட் பட்டால் நிறம் பொரியும். ஓயாது நீர் தேங்கும் குளியலறைக்கு அது ஒவ்வாது. பதித்த கல்லின்மேல் படிந்த சிமெண்ட் கறையை ஆசிட் ஊற்றிக் கழுவும் இக்காலப் பழக்கம் இக்கல்லைக் கெடுத்துவிடும் என்பதால், உமியும் தேங்காய் எண்ணெயும் இட்டுத் தேய்த்தெடுக்கும் பழைய முறையையே இதனைப் பதிப்போர் பின்பற்றிவந்துள்ளனர்.

காரைக்குடியின் புதிய குடியிருப்புகளுக்குள் சென்றால் காட்சி முற்றிலும் மாறுகிறது. 1970களுக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில், பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி, இறுகியபின் பொறியால் தேய்த்துச் சில்லுகளின் முகம் தெரியச் செய்யும் மொசைக் தரை இன்னும் காணக்கிடைக்கிறது. மீண்டும் ஒரு முறை தேய்த்தால் புதிதாகிவிடும் இத்தரையைப் பலர் அதன் அருமை அறியாமல் பெயர்த்தெடுக்கின்றனர். அதற்கும் பின்னர் வந்த வீடுகள் ஏறத்தாழ அனைத்திலும் தரை ஒன்றே: குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரிகளில் வந்திறங்கும் டைல்ஸ். இவற்றுள் செராமிக் என்பது களிமண் கலவையை அழுத்திச் சுட்டு மேலே பளபளப்புப் பூச்சு இட்டது. விட்ரிஃபைடு என்பது களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்சும் சேர்த்து, ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ளெல்லாம் உருகி ஒன்றிக் கண்ணாடித் தன்மை பெறும்படி சுட்டது. அதன் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. டைல்ஸின் பின்பக்கத்தில் சில துளி நீர் விட்டால், நீர் இறங்காமல் நிற்பது விட்ரிஃபைடு என்றும், உடனே உறிஞ்சப்படுவது சாதாரண செராமிக் என்றும் கடையிலேயே ஓரளவு பிரித்தறியலாம்.

மஞ்சள், எண்ணெய், புளி, ஆசிட் எதற்கும் அஞ்சாத விட்ரிஃபைடு, சமையலறைக்கும் குளியலறைக்கும் இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடத் தகுதியானது. குளியலறைக்கு மட்டும் வழுக்காத மேட் வகை வேண்டும். இதன் பலவீனம் பொருளில் குறைவு, பதிப்பதில் அதிகம். அடியில் கலவை முழுதும் பரவாமல் வெற்றிடம் விட்டால் தட்டும்போது பொள்ளென ஒலிக்கும். அவ்விடத்தில் கனமான பாத்திரம் விழுந்தால் உடையும். இரண்டு கற்களுக்கிடையே ஸ்பேசர் வைத்து மெல்லிய இடைவெளி விடாமல் ஒட்ட ஒட்டப் பதித்தால், கோடைச் சூட்டில் விரிய இடமின்றி ஒரு நாள் வரிசையாகக் கூரைபோல் எழும்பிவிடும். உடைந்த ஒன்றை மாற்ற நினைக்கும்போது அதே வார்ப்பு சந்தையில் இருப்பதில்லை. அனுபவம் உள்ளவர்கள் ஒரு பெட்டியைக் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவைப்பது இதனால்தான். மரமும், மரத்தைப்போல் அச்சிட்ட லேமினேட்டும், பிளாஸ்டிக் வகையான வினைலும் நகரத்துக் குளிரூட்டிய அறைகளில் இடம்பெற்றுவருகின்றன. ஈரத்தில் லேமினேட் உப்பும், கரையான் மரத்தை விடாது. உடற்சூட்டை விரைவாக இழுத்துக் குளுமை தரும் கல்லின் இயல்பு இவற்றுக்கு இல்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட பெருவீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் மறுவிற்பனைக்குக் காத்திருக்கின்றன. தரைக்கு அவ்வாறு மறுபிறப்புக் கிடைப்பது அது எதன்மேல் பதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. மென்மையான சுண்ணாம்புக் காரையில் இட்ட கற்பலகையை முழுதாகப் பெயர்க்கலாம். வலுவான சிமெண்டிலோ பசையிலோ பதித்த டைல்ஸ் நொறுங்கியே வெளிவரும். பழுதுபார்க்கும் வசதியில் ஆத்தங்குடி கல் தனித்து நிற்கிறது. அச்சு இருக்கும்வரை அதே பூவை, ஒன்றே ஒன்று தேவையானாலும், வார்த்துக் கொடுக்க இயலும்.

இப்போது ஆத்தங்குடியின் பூக்களை அப்படியே படமெடுத்து விட்ரிஃபைடு டைல்ஸின்மேல் அச்சிட்டு விற்கின்றனர். கைவினைஞரின் பிழைப்பில் அது கைவைக்கிறது என்ற குறை நியாயமானதே. எனினும் பயன்பாட்டளவில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது. அச்சிட்ட பூ கறையை வெல்லும், தேய்மானம் தொடங்கிய பின் பொலிவு கூடாது. வார்த்த பூ கறைக்கு அஞ்சும், ஆண்டுகளைத் துணையாக்கிக்கொள்ளும். எனவே கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் வார்த்த கல்லும், அடுப்படிக்கும் குளியலறைக்கும் சுட்ட டைல்ஸும், படிக்கும் வாசலுக்கும் சொரசொரத்த கருங்கல்லும், செருப்பு நுழையாத அறை இருந்தால் அங்கே பளிங்கும் எனப் பிரித்து இடுவதே செட்டிநாட்டு வீடுகள் நூறாண்டு சோதித்துக் காட்டிய விடை. வீடு முழுவதற்கும் ஒரே தரையைத் தேடுகிறவர், எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் ஏதேனும் ஓர் அறையில் தவறிழைக்கிறார்.